மண் குவளையில் தேநீர் குடித்த பந்துவீச்சாளர்

குழந்தைகளே! உங்கள் பள்ளி அணி எப்போதாவது ஒரு போட்டியில் தோற்றுவிட்டு, தோற்ற கையோடு எதிரணி மீது புகார் கொடுத்திருக்கிறதா? பி.டி. மாஸ்டர்கள் அதைப் 'புரோட்டஸ்ட்' என்று சொல்வார்கள். கொடுத்திருந்தால் வெட்கப்பட வேண்டாம். புகார் கொடுப்பது தவறில்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நான் தாம்பரம் பக்கம் ஆசிரியராக இருந்தபோது, 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கால்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. புகார்களை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு இருந்தது. அதில் நானும் ஒருவன். எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் என்னை எல்லாக் குழுவிலும் போட்டுவிடுவார்கள்!

ஓர் ஆட்டத்தில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற அணி எங்களிடம் ஓடி வந்தது. எதிரணிக் கோல்கீப்பருக்கு வயது அதிகம், அவனை ஆட விட்டது தப்பு என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வாய்ச்சொல் செல்லாது, எழுதித் தாருங்கள் என்றோம். அதற்கென்று ஒரு முறை உண்டு. அணித் தலைவனும் ஆசிரியரும் கையெழுத்திட்ட மனு வேண்டும். ஆட்டம் முடிந்து குறித்த நேரத்துக்குள் தர வேண்டும். கூடவே ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். புகார் உண்மையானால் பணம் திரும்பக் கிடைக்கும். பொய்யானால் போய்விடும். சும்மா சும்மா யாரும் புகார் கொடுக்கக்கூடாது அல்லவா, அதற்காகத்தான்.

மனுவும் வந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தோம். பையனுக்கு 13 வயது 4 மாதம். தலைமையாசிரியர் கையெழுத்து இருந்தது. ஒட்டியிருந்த புகைப்படமும் அவனுடையதுதான். மனுவைத் தள்ளுபடி செய்தோம்.

அதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். திரும்பிப் போகும்போது தோற்ற அணிப் பையன்கள் இரண்டு பேர், அந்தக் கோல்கீப்பரின் அப்பா என்ன வேலை செய்கிறார் தெரியுமா, அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் தெரியுமா என்று பேசிச் சிரித்தார்கள். அவன் காதில் விழும்படியாகத்தான் பேசினார்கள். அவன் குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

அது எந்த விதிப்படி குற்றம் என்று நான் அந்தப் பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த நினைவு வரும்போதெல்லாம் எனக்கு இன்னொருவரும் நினைவுக்கு வருவார். இந்த அணியில் ஆட உனக்குத் தகுதி இல்லை என்று வாழ்நாள் முழுவதும் யாராவது ஒருவர் சொல்லக் கேட்டவர் அவர். ஆனால் எந்த விதிப்புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. அவர் ஆடியது கால்பந்து அல்ல, கிரிக்கெட். இந்தியாவின் முதல் மாபெரும் சுழற்பந்து வீச்சாளர் என்று அவரைச் சொல்லலாம்.

அவர் பெயர் பல்வாங்கர் பாலு.

பாலு 1870களின் நடுவில் தார்வாரில் பிறந்தார். அந்த ஊர் இன்றைய கர்நாடகத்தில் இருக்கிறது. பல்வண் என்பது கொங்கணக் கடற்கரைப் பக்கம் இருந்த அவர்களுடைய பூர்வீக ஊர். அதனால்தான் பல்வாங்கர் என்ற குடும்பப் பெயர். தோல் வேலை செய்யும் சமூகத்தில் பிறந்தவர்கள். அந்தச் சமூகத்தைத் 'தீண்டத்தகாதவர்' என்று சொல்லி ஒதுக்கிவைத்த காலம் அது. அவர்கள் தொட்ட தண்ணீரை மற்றவர்கள் குடிக்க மாட்டார்கள். ஒரே பாயில் உட்கார மாட்டார்கள்.

அப்பாவுக்கு ராணுவத்தைச் சேர்ந்த வேலை. குடும்பம் புனேவில் இருந்தது. அந்த நாளில் அந்த ஊருக்குப் பூனா என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடித் தேய்ந்துபோன மட்டையையும் பந்தையும் தூக்கிப் போடுவார்கள். பாலுவும் தம்பி சிவராமும் அவற்றை வைத்துக்கொண்டுதான் கிரிக்கெட் கற்றார்கள்.

படிப்பைத் தொடர வசதி இல்லை. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் சங்கத்தில் பாலுவுக்கு வேலை கிடைத்தது. ஆட்டக்காரராக இல்லை. மைதானத்தைக் கூட்டுவது, ரோலர் இழுப்பது, இதுதான் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபாய்! எப்போதாவது உறுப்பினர்கள் பயிற்சி செய்யும்போது பந்து போடச் சொல்வார்கள்.

1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா சங்கத்துக்கு மாறினார். சம்பளம் ஒரு ரூபாய் கூடியது. வலை கட்டுவார், தரையைச் சரிசெய்வார், கோடு போடுவார். அங்கேதான் அவருடைய இடது கையின் மாயம் வெளியே தெரிந்தது. அவர் போடும் பந்து இரண்டு பக்கமும் திரும்பும். எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டையாளருக்குத் தெரியாது. அந்தச் சங்கத்தில் கேப்டன் கிரெய்க் என்று ஒருவர் இருந்தார். அன்றைய இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார மட்டையாளர்களில் தலைசிறந்தவர். மற்றவர்கள் வரும் முன்பே மைதானத்துக்கு வந்து, பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுப்பார். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் அவர் பாலுவுக்கு எட்டணா கொடுத்ததாகச் சொல்வார்கள். எட்டணா என்றால் அரை ரூபாய். மாதத்துக்கு நான்கு ரூபாய் வாங்குகிறவருக்கு, எட்டு தடவை கிரெய்க்கை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம்! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. அத்தனை ஆண்டுகளில், அத்தனை ஆயிரம் பந்துகள் போட்ட பாலுவின் கையில் அவர்கள் ஒரு தடவைகூட மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார்களின் வேலை. பந்து போடுவது வேலைக்காரனின் வேலை. அப்படி நினைத்தார்கள்.

பூனாவில் இந்துக்களின் சங்கம் ஒன்றும் இருந்தது. ஐரோப்பியர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. பாலு இருந்தால் ஜெயித்துவிடலாம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பாலுவை அணியில் சேர்க்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. தெலுங்கு பேசும் உறுப்பினர்கள் சிலர் சேர்க்கலாம் என்றார்கள். உள்ளூர்ப் பிராமண உறுப்பினர்கள் சிலர் கூடாது என்றார்கள். அவரை விட்டுவிட்டால் இந்து அணியினர் முட்டாள்கள் என்று கிரெய்க் துரையே சொன்ன பிறகுதான் வழி பிறந்தது.

என்ன விசித்திரம் பாருங்கள்! பாலுவுக்கு வயது சரியாக இருக்கிறது. ஊர் சரியாக இருக்கிறது. திறமையோ கேட்கவே வேண்டாம். எங்கள் தாம்பரம் குழுவிடம் அந்த மனு வந்திருந்தால், எந்த விதி மீறப்பட்டது என்று ஒரே கேள்வி கேட்டுத் தள்ளுபடி செய்திருப்போம். ஆனால் அங்கே மனுவும் இல்லை, விதியும் இல்லை. எழுதாத விதிக்கு எப்படிப் பதில் எழுதுவது?

சரி, அணியில் சேர்த்தார்கள். மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். பாலு வீசிய பந்தைப் பிடித்து மற்றவர்கள் குதித்தார்கள். தேநீர் இடைவேளை வந்தது. மற்றவர்கள் கூடாரத்துக்குள் பீங்கான் கோப்பைகளில் தேநீர் குடித்தார்கள். பாலு வெளியே நின்றார். அவருக்கு ஒரு மண் குவளையில் தேநீர் வந்தது. குடித்ததும் தூக்கி எறிந்துவிடும் குவளை அது. முகம் கழுவ வேண்டுமென்றால், அவருடைய சமூகத்தைச் சேர்ந்த ஒரு வேலையாள் தண்ணீர் கொண்டுவந்து ஓர் ஓரத்தில் ஊற்றுவார். மதியச் சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர் கையிலிருந்து வந்த பந்தைத் தொட்டவர்கள்தான் இவர்கள். பந்துக்கு இல்லாத தீட்டு கோப்பைக்கு எப்படி வந்தது? நான் நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.

பாலு ஆடினார். இந்து அணி பூனா ஐரோப்பியர்களை வென்றது. பிறகு சாத்தாரா என்ற ஊருக்குப் போனார்கள். பாலுவின் சுழல் எடுபடாதபடி அங்கே ஒரு வாரமாகத் தரையை ரோலரால் அமுக்கி வைத்திருந்தார்களாம். அப்படியும் 7 விக்கெட்டுகளை அள்ளினார் பாலு! ஊர் திரும்பியதும் பாராட்டு விழா நடந்தது. மகாதேவ கோவிந்த ரானடே என்ற பெரிய சீர்திருத்தவாதி, பாலுவோடு சேர்ந்து விளையாட முடிகிற நீங்கள் அவரோடு சேர்ந்து உண்ணவும் குடிக்கவும் வேண்டாமா என்று அணியினரிடம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

1896 வாக்கில் பூனா பக்கம் பிளேக் நோய் பரவியது. பாலு பம்பாய்க்குப் போனார். அதுதான் இன்றைய மும்பை. அங்கே இந்து ஜிம்கானா சங்கத்தில் சேரப் போனால், மறுபடியும் அதே விவாதம்! அணித் தலைவர் எடுத்துச் சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார்கள். பின்னர் ரயில்வேயில் வேலை கிடைத்தது. ரயில்வே அணிக்கும் ஆடினார்.

அந்தக் காலத்துப் பம்பாயில் அணிகளை மதம், இனம் பார்த்துப் பிரித்திருந்தார்கள். ஐரோப்பியர் அணி, பார்சி அணி, இந்து அணி என்று இருந்தன. 1912இல் முஸ்லிம் அணியும் சேர்ந்து நான்கு அணிப் போட்டி ஆனது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அன்றைக்கு இந்தியாவின் மிகப் பெரிய கிரிக்கெட் போட்டி அதுதான்.

1906 பிப்ரவரியில் இந்து அணி ஐரோப்பியர்களோடு மோதியது. பாலுவும் தம்பி சிவராமும் அணியில் இருந்தார்கள். இந்து அணி 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. இரண்டு இன்னிங்சிலும் சேர்த்துப் பாலு எடுத்தது 8 விக்கெட். நாட்டை ஆள்கிறவர்களை அவர்களுடைய ஆட்டத்திலேயே தோற்கடித்ததில் ஊரே கொண்டாடியது. அந்த நாள்களில்தான் ஜிம்கானாவில் அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவும் முடிந்தது.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி ஒன்று இங்கிலாந்து போனது. அந்த அணி பல ஆட்டங்களில் தோற்றது. ஆனால் பாலு? தோளில் வலியோடு ஆடி, அந்தப் பயணத்தில் மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்தார்! ஊர் திரும்பியபோது ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு கொடுத்தார்கள். அப்போது பம்பாயில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞருக்குப் பாலு என்றால் உயிர். அந்த இளைஞரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பீமராவ் அம்பேத்கர்தான் அவர்.

இங்கே ஒரு நிமிடம் கடல் தாண்டிப் போய்விட்டு வருவோம். ஏறக்குறைய இதே சமயத்தில், 1912இல், ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். பணத்துக்காக விளையாடியவர்கள் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. தோர்ப் முன்பு சிறு சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று 1913 ஜனவரியில் செய்தி வந்தது. உடனே பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் அதே விதிப்புத்தகத்தில் இன்னொரு வரியும் இருந்தது. புகார் என்றால் ஒலிம்பிக் முடிந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதுவோ ஆறு மாதம் கழித்து வந்த புகார்! அந்த வரியை யாரும் படிக்கவில்லை. தோர்ப் 1953இல் இறந்துபோனார். 1983இல்தான் பதக்கங்களின் நகல்களை அவருடைய பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அவர் ஒருவர்தான் அந்த இரண்டு போட்டிகளுக்கும் வெற்றியாளர் என்று முழுமையாக ஒப்புக்கொண்டது 2022இல்! தோர்ப்பின் வழக்கில் விதி எழுதப்பட்டிருந்தது, பாதியை மறைத்துவிட்டார்கள். பாலுவுக்கு அந்தப் பாதிகூட இல்லை.

பம்பாய்க்குத் திரும்புவோம். பாலுவுக்கு மூன்று தம்பிகள். சிவராம், கண்பத், விட்டல். எல்லோருமே கிரிக்கெட் வீரர்கள். 1913இல் நால்வரும் ஒரே நேரத்தில் இந்து அணியில் ஆடினார்கள்! ஆனால் அணித் தலைவர் பதவி மட்டும் பாலுவுக்கு வரவில்லை. அணியிலேயே மூத்தவர் அவர். அனுபவம் மிகுந்தவர் அவர். அதிக விக்கெட் எடுப்பவரும் அவர். பத்திரிகைகளில்கூடச் சிலர் கேட்டுப் பார்த்தார்கள். தலைவராக இருந்த எம்.டி. பாய் நல்ல மனிதர். தனக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்திலேயே, இந்தப் பெருமை தன் நண்பர் பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று சொன்னார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

1920ஆம் ஆண்டு வந்தது. முதல் ஆட்டத்துக்கு எம்.டி. பாய் வர முடியவில்லை. இப்போதாவது பாலு தலைவர் ஆவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தேர்வுக்குழு என்ன செய்தது தெரியுமா? அவரை அணியிலிருந்தே எடுத்துவிட்டது! தலைவராக டி.பி. தேவதர் என்ற இளைஞரை நியமித்தது. தேவதர் நல்ல ஆட்டக்காரர்தான், பின்னாளில் புகழ் பெற்றவர்தான். ஆனால் அணியில் பாலுவைவிட எவ்வளவோ இளையவர். பாலுவுக்கு அப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது உண்மை. வயதுதான் காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியானால், வயது குறைவாக இருந்த 1911இல், 114 விக்கெட் எடுத்துத் திரும்பிய அந்த நேரத்தில், ஏன் கொடுக்கவில்லை?

இந்த இடத்தில் பாலு என்ன செய்தார் என்பதைவிடத் தம்பிகள் என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. விட்டலும் சிவராமும் அணியில் இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் அணிக்கு மட்டை பலம் பாதிதான். இருவரும் நாங்கள் ஆட மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை. ஏன் விலகினோம் என்று காரணத்தை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், சாதியைப் பார்க்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். பல ஆண்டுகளாக யாரும் எழுத்தில் சொல்லாத காரணத்தை அவர்கள் எழுத்தில் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டார்கள். இனிமேல் தேர்வுக்குழு அதைக் காணாததுபோல் இருக்க முடியுமா?

அந்த இருவருக்கும் அது சின்ன விஷயம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் போட்டி. ஆட்டக்காரனுக்கு ஆட வேண்டிய வயதில் ஆட்டத்தை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபடி கூப்பிடுவார்கள் என்ற உறுதியும் இல்லை.

கூப்பிட்டார்கள். பார்சிகளோடு நடந்த இறுதி ஆட்டத்துக்கு எம்.டி. பாய் தலைவராகத் திரும்பினார். பாலுவை அணியில் சேர்த்து, துணைத் தலைவர் ஆக்கினார்கள். தம்பிகளும் வந்து ஆடினார்கள். ஆட்டத்தின் நடுவில் பாய் மைதானத்தை விட்டு வெளியே போய்விடுவார். அப்போது துணைத் தலைவர்தானே அணியை நடத்த வேண்டும்? பாலு நடத்தினார். பாய் எதற்காக வெளியே போனார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்!

மூன்று ஆண்டு கழித்து, 1923இல், தம்பி விட்டல் இந்து அணியின் தலைவர் ஆனார். அந்த ஆண்டு ஐரோப்பியர்களை வென்றபோது, அண்ணனுக்குத் தனிக் குவளையில் தேநீர் கொடுத்த அதே மேல்சாதியைச் சேர்ந்தவர்கள் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மண் குவளை ஞாபகம் வந்திருக்கும்?

ஆட்டத்தை விட்ட பிறகு பாலு பொதுவாழ்வுக்கு வந்தார். 1932இல் காந்தியடிகளுக்கும் அம்பேத்கருக்கும் இடையே ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்துக்காகப் பேச்சு நடத்தியவர்களில் அவரும் ஒருவர். கூட இருந்த இன்னொருவர் நம்ம ஊர்க்காரர்! எம்.சி. ராஜா. மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை பக்கம் போகும்போது பரங்கிமலை நிலையம் வருமே, அந்தப் பரங்கிமலையில் பிறந்தவர். என்னைப்போல ஆசிரியர் வேலை பார்த்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். அவர் படித்தபோது அந்தக் கல்லூரி பாரிமுனைப் பக்கம் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937இல்.

அதே 1937இல் பம்பாயில் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. எதிரே நின்றவர் அம்பேத்கர்! ஒரு காலத்தில் தன்னைக் கொண்டாடிய இளைஞரிடமே பாலு சுமார் 2,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். இருவரும் ஒரே நோயை எதிர்த்தவர்கள். மருந்து மட்டும் வேறு வேறு என்று நினைத்தார்கள்.

தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடை, கிணறு, பொது இடம் எதிலும் யாரையும் தனியே நிறுத்திவைக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. பாலு அதைப் பார்த்தார். ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார்.

நூலகத்தில் பழைய கிரிக்கெட் புள்ளிவிவரப் புத்தகம் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். பி. பாலு, முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179, சராசரி 15.21 என்று போட்டிருக்கும். அந்த நான்கு அணிப் போட்டியில் அவரைத் தலைவராக அறிவித்து ஆடிய ஆட்டங்களைத் தேடினால், ஒன்றுகூடக் கிடைக்காது.